பாடமாக்கிய பதினெட்டுக் கட்டுரைகள்



நாற்பத்து நான்காம் வயதில் நாம் மீண்டும் மாணவராய் அமர்ந்தோம். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரமும் மஃரிபுக்குப் பின் ஒன்றரை மணி நேரமும் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுப்பதே பத்தொன்பது ஆண்டுகளாக நம் பணி. கையில் இருந்தவை தொலைநிலைக் கல்வியில் பெற்ற ஓர் இளங்கலைப் பட்டமும், இஸ்லாமியக் கல்வியில் ஒரு பட்டயமும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை பயில விண்ணப்பிக்க எண்ணியபோது ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வு குறுக்கே நின்றது. 0 முதல் 9 வரை மதிப்பெண். மொத்தத்தில் 6.5 வேண்டும், கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கில் எதிலும் 6க்குக் குறையக் கூடாது என்றார்கள். தேர்வுக் கட்டணம் நம் ஒரு மாத ஊதியத்தைவிட அதிகம். வீட்டிலுள்ளவர் தாம் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை ஒரு கேள்வியும் கேளாமல் எடுத்துக் கொடுத்தார். அவர் ஏதேனும் கேட்டிருந்தால் நமக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

ஜமாஅத் பெரியவர் ஒருவர் மட்டும் கேட்டார்: "ஹஜ்ரத்துக்கு இந்த வயசுல இங்கிலீஷ் எதுக்கு?" நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றுக்கொண்ட செய்தியை அவரிடம் சொன்னோம். அவர்களுக்கு அரை மாதம் போதுமாயிருந்தது. நமக்கு மூன்று மாதமும் போதவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறை, சனி ஞாயிறு பிற்பகல்களில் பன்னிரண்டு வாரம் நடத்திய வகுப்பு அது. செவிலியர் வேலைக்கு அயர்லாந்து செல்லவிருக்கும் பெண்கள், கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கும் பொறியியல் பட்டதாரிகள், அவர்களிடையே தொப்பியும் தாடியுமாக நாம். பாடம் நடத்திய ஆசிரியைக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். அவர் நம்மை 'சார்' என்றார். நாம் அவரை 'மேடம்' என்றோம். அஸர் தொழ மாடிப்படியின் கீழே ஓரிடத்தை அவரே காட்டிக் கொடுத்தார்.

முதல் வாரம் நமக்குப் பெருமையாகவே கழிந்தது. 'நினை', 'நன்றி' என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதல் ஒலியை நம்மவர் பெரும்பாலும் தகரமாகவே ஒலிப்பர். அவ்வொலி அரபி எழுத்துகளில் நான்காவதாக வரும் 'ஸா'வின் ஒலியே அன்றி வேறில்லை. நுனிநாக்கு மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடவேண்டும். 'இது', 'அது' என்பவற்றுக்கான சொற்களின் தொடக்கம் ஒன்பதாம் எழுத்தான 'தால்'. மக்ரஜ் திருத்தியே நரை கண்ட நமக்கு இவை புதியவை அல்ல. மேடம் நம்மை எழுந்து நின்று சொல்லச் சொல்லி, மற்றவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது நம் மனம் இருந்த நிலையை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

கேட்டல் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாற்பது கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும், பன்மைக்குரிய ஓர் எழுத்தை விட்டாலும் அந்த மதிப்பெண் போயிற்று. வாசித்தலில்தான் நாம் எதிர்பாராத இடத்தில் இடறினோம். தரப்பட்ட கூற்று உண்மையா, பொய்யா, அல்லது பத்தியில் கூறப்படவே இல்லையா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகைக் கேள்வி அது. மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க நமக்குக் கை வரவேயில்லை. தேனீயைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ நாம் எங்கோ அறிந்திருந்ததைக் கொண்டு உண்மை என்றோ பொய் என்றோ தீர்ப்பளித்துக்கொண்டிருந்தோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்கு 'தெரியாது' என்றே விடையளித்ததை எத்தனை பயான்களில் சொல்லியிருப்போம்! ஒரு தாளில் நாம் அதைச் செய்ய ஆறு வாரம் ஆயிற்று.

இனி எழுதுதல். ஒரு மணி நேரம், இரண்டு பணிகள். வரைபடத்தையோ அட்டவணையையோ விளக்கி 150 சொற்கள். ஒரு கருத்தைப் பற்றிக் கட்டுரையாக 250 சொற்கள். இரண்டாவதற்கு மதிப்பெண்ணில் இரு மடங்கு எடை. கேட்டதற்கு விடை சொன்னோமா, கருத்து கோவையாகச் செல்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்று நான்கையும் சமமாகப் பார்ப்பார்கள்.

இதற்கு நம்மிடம் ஒரு வழி இருந்தது. மாதிரிக் கட்டுரைகள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கி, ஹிஃப்ழ் மாணவனைப் போலப் பாடமாக்கத் தொடங்கினோம். ஸுப்ஹுக்கு முன் புதுப் பாடம். இஷாவுக்குப் பின் பழைய பாடம். வெள்ளிக்கிழமை முழுவதும் தவ்ர். ஐந்து வாரங்களில் பதினெட்டுக் கட்டுரைகள், ஒரு கமா பிசகாமல். கல்வி, சுற்றுச்சூழல், கலைகளுக்கு அரசு செலவிடுதல், கைப்பேசி என எது வந்தாலும் நெஞ்சில் ஒன்று தயாராக இருந்தது.

ஏழாம் வார மாதிரித் தேர்வில் அருங்காட்சியகங்களைப் பற்றிய கேள்வி வந்தது. கலைகளுக்கு அரசு செலவிடும் கட்டுரையை எடுத்து, 'கலை' என்று வந்த இடங்களில் 'அருங்காட்சியகம்' என்று மாற்றி இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம். அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தபோது அதில் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. கடைசியில் மட்டும் ஒரு வரி: இது யாருடைய கட்டுரை?

வகுப்பு முடிந்தபின் மேடம் பொறுமையாக விளக்கினார். மனப்பாடம் செய்த பகுதிகளை இனம் காணத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. அவற்றுக்கு மதிப்பெண் குறையும் என்றார். நாம் தலையை அசைத்தோம். உள்ளுக்குள் கொதித்தது. இறைவேதத்தை நெஞ்சில் சுமப்பவனைப் பார்த்து, மகள் வயதை ஒத்த ஒருவர் களவு செய்தாய் என்று சொல்லிவிட்டதாகவே தோன்றியது. இரண்டு நாள்கள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள்தான் அதை வேறு விதமாக எண்ணிப் பார்க்க முடிந்தது. குர்ஆனை ஓதுகையில் நம்முடையது என்று ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் அது பிழை. இங்கேயோ நம்முடையது என்று எதையும் சேர்க்காததுதான் பிழை. சொல்லைப் பேணும் அமானத் ஒன்று. சொந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்கும் அமானத் வேறொன்று. முதலாவதை நாம் சிறுவயது முதலே பழகியிருக்கிறோம். இரண்டாவதை நம்மிடம் எவரும் கேட்டதில்லை.

'பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பது சரியா?' என்ற தலைப்பை மேடம் நமக்கென்றே தந்தார். நாற்பது நிமிடம் உட்கார்ந்து தொண்ணூறு சொற்கள் எழுதினோம். சொந்த அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டபோது, வேண்டாத ஒன்று நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு, பத்து வயது மாணவன் ஒருவன் ஸூரத்துல் ஃபீலை ஒப்புவித்து முடித்துவிட்டு, "யானையை எல்லாம் ஏன் ஹஜ்ரத் கொண்டு வந்தாங்க?" என்று கேட்டான். பின்னால் பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். "முதல்ல பாடத்தைப் பாரு" என்றோம். அதன்பின் அவன் எதையும் கேட்டதில்லை. அதையே எழுதினோம். நாம் எழுதியவற்றுள் மேடம் 'நன்று' என்று குறித்த முதல் பத்தி அதுதான்.

மறுநாள் மாலை அவனை அழைத்து, அன்று கேட்டது நினைவிருக்கிறதா என்று வினவினோம். அப்ரஹாவின் கதையைச் சொல்ல ஆயத்தமாகவும் இருந்தோம். அவன் நம் முகத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் கேட்கலையே ஹஜ்ரத்" என்றான். ஏதோ குற்றத்துக்கு விசாரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான் போலும்.

தேர்வு முடிவு வந்தது. கேட்டல் 6.5, வாசித்தல் 7, எழுதுதல் 5.5, பேசுதல் 6.5. மொத்தம் 6.5. எழுதுதலில் அரைப் புள்ளி குறைவு. கணினி வழித் தேர்வு எழுதியவர்கள் அறுபது நாள்களுக்குள் ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுத வழி உண்டு; அம்மதிப்பெண்ணை ஏற்பதாக அந்தப் பல்கலைக்கழகமும் பதில் அனுப்பியிருக்கிறது. அதற்கும் தனிக் கட்டணம். இம்முறை வீட்டிலுள்ளவர் ஒரு கேள்வி கேட்டார்: "இந்தத் தடவை சொந்தமா எழுதுவீங்களா?"

பதினெட்டுக் கட்டுரைகளும் இன்னும் நெஞ்சில் இருக்கின்றன. பாடமாக்கியதை மறப்பது நம்மால் எளிதில் ஆகாத காரியம். இஷாவுக்குப் பின் எழுத உட்காரும்போதெல்லாம் அவைதாம் முந்திக்கொண்டு வருகின்றன. அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறோம்.

மக்தபில் இப்போது மாலைப் பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் கேள்விக்கென்று விட்டிருக்கிறோம். முதல் மூன்று நாள்கள் எவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, சுட்ட களிமண் கல்லைத் தூக்கி வந்த பறவைகளுக்குக் கால் சுடாதா என்று கேட்டான். தெரியாது என்றோம். யானையைப் பற்றிக் கேட்டவன் கடைசி வரிசையில் இருந்தான். சிரித்தான், ஆனால் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுதேர்வு அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. துஆச் செய்யுங்கள்.