நீருக்கு வழிவிட்ட தெய்வம்

சீனத் தலைநகரான பெய்ஜிங்கின் நடுவே பழைய பேரரசர்களின் அரண்மனை பரந்து கிடக்கிறது. 1420-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற இவ்வரண்மனைக்குள் குடிமக்கள் தம் விருப்பம்போல் நுழைய இயலாத காலம் ஒன்று இருந்தது. 'விலக்கப்பட்ட நகரம்' என்னும் பெயர் அதனால் வந்ததே. இன்று அது அனைவரும் காணத்தக்க அருங்காட்சியகம். அதன் வடகிழக்குப் பகுதியில், தம் முதுமைக் காலத்தில் ஓய்வாக வாழ்வதற்கென்று சியென்லுங் பேரரசர் அமைத்த மாளிகைகளுள் லேஷோதாங் என்பதும் ஒன்று. இன்பமும் நீண்ட ஆயுளும் நிறைந்த மண்டபம் என்பது அப்பெயரின் பொருள்.

அம்மண்டபத்தினுள் ஒரு மலை நிற்கிறது. உயரம் 224 செ.மீ.; எடை ஏறத்தாழ 5,000 கிலோ. பொன் இழை பதித்த வெண்கலப் பீடத்தின்மீது அமைந்துள்ள இம்மலை முழுவதும் ஒரே ஜேடுக் கல். மரகதம் வேறு, ஜேடு வேறு. மரகதம் ஒளியை ஊடுருவ விட்டு மின்னும். ஜேடோ மெழுகு பூசியதுபோல் அடக்கமாக ஒளிரும். சீன மக்கள் பொன்னினும் மேலாக அதனைப் போற்றுவர்.

மலையைச் சுற்றிவந்து நோக்கினால் செங்குத்துப் பாறைகளும் அருவிகளும் முதிர்ந்த மரங்களும் தெரியும். அவற்றினிடையே எங்கு நோக்கினும் உழைக்கும் மனிதர்கள். ஒருவர் பாறையைப் பிளக்கிறார். ஒருவர் மண்ணைத் தோண்டுகிறார். வெள்ளத்தை வென்ற மகா யூ என்பாரின் வரலாற்றைக் கூறும் சிற்பம் இது.

பண்டைக் காலத்தில் சீன நாட்டைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதனை அடக்கும் பணி முதலில் யூவின் தந்தை குன் என்பவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவர் ஒன்பது ஆண்டுகள் கரைகளை எழுப்பி நீரைத் தடுக்க முயன்றார். தடுக்கத் தடுக்க நீர் பெருகிக் கரையை உடைத்தது. முயற்சி தோற்றது, குன் தண்டனைக்கு உள்ளானார். தந்தை தோற்ற அதே பணி மகன் தலையில் விழுந்தது. யூ மாற்று வழியைத் தேர்ந்தார். நீரைத் தடுக்காமல் அதற்கு வழி அமைத்துக் கொடுத்தார். மலைகளைக் குடைந்து, ஆறுகளைத் தூர் வாரி, வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்பினார். இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்பது பழைய வரலாற்று நூலின் கூற்று. அக்காலத்தில் மூன்று முறை தம் வீட்டு வாயிலைக் கடந்து செல்ல நேர்ந்தும், ஒரு முறைகூட அவர் உள்ளே செல்லவில்லையாம். பிறந்த குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்தும் நடையை நிறுத்தவில்லை என்று அந்நாட்டு மக்கள் இன்றும் உருகிக் கூறுவர்.

இத்தகையவரைச் சீனத்தின் தொன்மையான தாவோ நெறி தெய்வமாக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. வானம், நிலம், நீர் ஆகிய மூன்றையும் ஆளும் மூன்று தேவர்களை அந்நெறியினர் வழிபடுவர். வானத்துக்குரியவர் நன்மை அருள்பவர். நிலத்துக்குரியவர் பிழை பொறுப்பவர். நீருக்குரியவர் இடர் களைபவர். இடர் களையும் அத்தேவரை யூ என்றே மக்கள் கருதுகின்றனர். சீன நாட்காட்டியின் பத்தாம் மாதத்துப் பௌர்ணமி அவருக்குரிய திருநாள். தைவான் கடற்கரைகளில் கடலோடிகள் வணங்கும் நீர்த்தெய்வங்களுள்ளும் தலைமையானவர் இவரே.

இம்மலைக்கான கல் கிடைத்தது மேற்கே நெடுந்தொலைவில், சின்ஜியாங்கின் உயர்ந்த மலைகளில். அங்கிருந்து பெய்ஜிங் வந்து சேர மூன்று ஆண்டுகள் பிடித்தன என்பர். குளிர்காலத்தில் பாதையில் நீரை ஊற்றி உறையச் செய்து, அப்பனியின்மீது வண்டியை நகர்த்தினர். முன்னே நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள் இழுக்க, பின்னே ஆயிரம் பேர் தள்ளினர் என்று கூறப்படுகிறது. பிறகு கல் பெருங்கால்வாய் வழியே தெற்கிலுள்ள யாங்சோ நகருக்குச் சென்றது. முதலில் மெழுகில் ஒரு மாதிரி செய்தனர். யாங்சோவின் வெப்பத்தில் அது உருகிவிடும் என்று அஞ்சி மரத்தில் மற்றொன்று செய்தனர். 1781-இல் தொடங்கிய பணி 1787-இல் நிறைவேறியது.

ஆறு ஆண்டுகள் ஏன்? ஜேடு உளிக்கு அடங்கும் கல் அன்று. அதன் உள்ளிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இரும்பால் அதனைச் செதுக்க இயலாது. கடினமான மணலை நீரில் குழைத்து, சுழலும் கருவியின் விளிம்பில் இட்டு, சிறிது சிறிதாகத் தேய்த்தே உருவம் எடுக்க வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முதுமொழி. இங்கே தேய்த்தவை மனிதக் கைகள். துணை நின்றவை மணலும் நீரும். நீரை வழிப்படுத்திய தெய்வத்தின் வரலாறு நீரின் துணைகொண்டே கல்லில் எழுந்தது.

கல்லின்மேல் பொறிக்கப்பெற்றவை சியென்லுங் இயற்றிய கவிதையும் அவருடைய முத்திரைகளும். அவர் ஆணையிட்டார், உழைத்தவர்கள் வேறு. பனிப்பாதையில் தோள் கொடுத்தவர்களையும் ஆறு ஆண்டுகள் மணலைத் தேய்த்தவர்களையும் நினைவூட்டுவன, மலையெங்கும் குனிந்து பாடுபடும் அச்சிறு உருவங்களே. யூவின் பெருமையும் அவர் ஏறிய அரியணையால் வந்ததன்று. சேற்றில் நின்று உழைத்ததால் வந்தது.

இதனைத் தாவோ நெறியின் பூசகர்கள் மறக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நீரிலும் சேற்றிலும் நின்றதால் யூவின் கால் நொண்டியாயிற்று என்பது ஐதிகம். சடங்குகளின்போது அவர்கள் ஒரு காலை இழுத்து இழுத்து வைத்து நடப்பர். அந்நடைக்கு 'யூவின் அடி' என்று பெயர். அரசர்க்குரிய மிடுக்கான நடையை அவர்கள் பின்பற்றவில்லை. பிறர் துயர் தீர்க்க உழைத்துத் தேய்ந்த காலின் நடையே அங்கு வழிபாடாகப் போற்றப்படுகிறது.