தோற்க வேண்டாம், குறைத்து ஜெயித்தால் போதும்

உங்களுக்குப் பத்தொன்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வைத்துக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்!) ஆறடிக்கு மேல் உயரம். கல்லூரி பாஸ்கெட்பால் டீமில் நட்சத்திரம். ஊரே உங்கள் பெயர் சொல்லிக் கத்துகிறது. ஆனால், வீட்டில் காசு இல்லை. ஒருநாள் நல்ல கோட்டு சூட்டு போட்ட மனிதர் ஒருவர் தோளில் கை போட்டுச் சொல்கிறார்: ‘‘தம்பி, நீ தோற்கவே வேண்டாம். உன் டீம்தான் ஜெயிக்கணும். பன்னிரண்டு பாயின்ட்ல ஜெயிக்கிற மேட்ச்சை எட்டு பாயின்ட்ல ஜெயிச்சுக் குடு. அவ்வளவுதான்!’’

கவர் நீட்டப்படுகிறது. அப்பாவின் பல மாதச் சம்பளம் அதில் இருக்கிறது. உங்கள் கல்லூரி ஜெயிக்கப்போகிறது. நண்பர்கள் கொண்டாடப்போகிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

1950-ல் நியூயார்க்கில் சில பையன்கள் முன்னால் இந்தக் கேள்வி நிஜமாகவே வந்து நின்றது.

அவர்கள் படித்தது சிட்டி காலேஜில். ஹார்லெம் பக்கத்தில் இருக்கிறது. 1847-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த கல்லூரி. 1976 வரை அங்கே கட்டணமே கிடையாது. மார்க் இருந்தால் உள்ளே வரலாம். தையல்காரர் மகனும் பெயின்டர் மகனும் சப்வே ரயில் பிடித்து வந்து படித்த இடம். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் அங்கே படித்தவர்தான். ‘ஏழைகளின் ஹார்வர்ட்’ என்று அதற்குச் செல்லப்பெயர்.

1949-50 சீசனில் அந்தக் கல்லூரியின் டீமைப் பாருங்கள். முதல் ஐந்து பேரில் மூன்று யூதப் பையன்கள், இரண்டு கறுப்பினப் பையன்கள். எட் ரோமன், எட் வார்னர், ஃப்ளாய்ட் லேன், ஆல் ராத் நான்கு பேரும் இரண்டாம் வருஷ மாணவர்கள். இர்வின் டாம்ப்ராட் மட்டும் சீனியர். கோச் நாட் ஹோல்மன் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர். சீசனில் 17 வெற்றி, 5 தோல்வி. பிரமாதம் என்று சொல்ல முடியாது. பெரிய போட்டிக்குப் போகும்போது நாட்டின் முதல் இருபது டீம் பட்டியலில்கூட இவர்கள் பெயர் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் சினிமா. அப்போது அமெரிக்கக் கல்லூரிகளுக்கு என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. என்று இரண்டு பெரிய கோப்பைகள். முதல் போட்டியில், கறுப்பர் ஒருவரைக்கூடச் சேர்க்காத கென்டக்கி எதிரே வந்தது. அதன் கோச் அடால்ஃப் ரப் அந்த நாட்டின் பெரிய பெயர்களில் ஒன்று. சிட்டி காலேஜ் 89-50 என்று துவைத்துப் போட்டது. ரப்பின் வாழ்க்கையிலேயே பெரிய தோல்வி அது. ஃபைனலில் அந்த வருடத்தின் நம்பர் ஒன் டீமான பிராட்லியை 69-61 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கினார்கள். பத்தே நாள் கழித்து, மார்ச் 28-ம் தேதி, அடுத்த கோப்பையின் ஃபைனல். எதிரே மறுபடி பிராட்லி! கடைசி நொடிகளில் ஒரே பாயின்ட்தான் வித்தியாசம். பிராட்லி வீரர் பந்தைப் பறித்துக்கொண்டு பாய்கிறார். டாம்ப்ராட் அதைத் தடுத்து எடுத்து நீளமாக வீச, நார்ம் மேகர் கூடையில் போட்டுவிட்டார். 71-68.

ஒரே வருடத்தில் இரண்டு கோப்பை. அதற்கு முன்பு யாரும் செய்ததில்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், நான் பி.காம்.தான், சி.ஏ. அல்ல!

பலமான டீமும் நோஞ்சான் டீமும் மோதினால், நோஞ்சான் மேல் யார் பணம் கட்டுவார்கள்? சூதாட்டக்காரருக்கு வியாபாரம் படுத்துவிடும். அதற்குக் கண்டுபிடித்த உபாயம்தான் ‘பாயின்ட் ஸ்ப்ரெட்’. பலமான டீம் ‘பத்து பாயின்ட்டுக்கு மேல் ஜெயித்தால்தான்’ அதன் மேல் கட்டியவருக்குப் பணம். எட்டில் ஜெயித்தால், தோற்ற டீம் மேல் கட்டியவருக்குப் பணம்! இரண்டு பக்கமும் சமமாகப் பணம் விழும். நடுவில் இருப்பவர் கமிஷனை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். வியாபாரமாகப் பார்த்தால் அபாரமான மூளை. ஆனால், இதனால் ஒரு மேட்ச்சுக்கு இரண்டு முடிவுகள் வந்துவிட்டன. ஒன்று போர்டில் தெரிவது. இன்னொன்று சூதாடிகளின் நோட்டில் இருப்பது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில்தான் அந்தக் கவர் நீட்டப்பட்டது.

நான் கல்லூரியில் பாஸ்கெட்பால் டீமுக்கு ஸ்கோர் ஷீட் எழுதியவன். ஆடத் தெரியாது, கூட்டத் தெரியும் என்பதுதான் தகுதி. சிமென்ட் தரை, மழை பெய்தால் மேட்ச் இல்லை, ஜெயித்தால் ஆளுக்கு ஒரு ஆம்லெட். அந்த ஷீட்டில் ஒரு விசேஷம் உண்டு. கூடையில் விழுந்த பந்துக்கு மட்டும்தான் கோடு போடுவோம். ஓடி ஆடும்போது குறி தவறிப் போன பந்துக்கு அதில் இடமே கிடையாது. கடைசியில் ரெஃப்ரி கையெழுத்துப் போட்டதும் அது சாசனம். 2000-ம் வருஷம் ஏப்ரலில் ஹான்ஸி குரோனியே சமாசாரம் வெடித்தபோது, இதே மாதிரி எங்கள் ஆட்டத்தில் நடந்தால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேன்டீனில் பெரிய விவாதம். எங்கள் ஃபார்வர்டு ஒருவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: ‘‘போடாததை எவன்டா எழுதுவான்?’’

சிட்டி காலேஜ் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான்.

அந்தப் பையன்கள் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. நியூயார்க் கல்லூரி வீரர்கள் பலர் கோடை விடுமுறையில் மலைப்பக்கத்து ஹோட்டல்களில் சர்வர் வேலைக்குப் போவார்கள். பகலில் தட்டு எடுப்பது, ராத்திரி விருந்தாளிகளுக்காக பாஸ்கெட்பால் ஆடுவது. மொத்தம் எத்தனை பாயின்ட் வரும் என்று விருந்தாளிகள் சீட்டு எடுப்பார்கள். சரியான நம்பர் வருகிற மாதிரி கொஞ்சம் ‘பார்த்து’ ஆடினால் கையில் ஏதாவது கிடைக்கும். விளையாட்டுக்குள்ளே ஒரு விளையாட்டு. கூடவே எடி கார்ட் என்ற வேறொரு கல்லூரி வீரர் தரகர் வேலை பார்த்தார். அவருக்குப் பின்னால் சால்வடோர் சொலாஸோ என்ற நகை வியாபாரி. சீசன் வந்ததும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பதினெட்டாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள். அரங்கத்துக்குக் காசு, கல்லூரிக்கும் பங்கு. ஆடுகிறவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அவன் ‘அமெச்சூர்’! பாயின்ட் ஸ்ப்ரெட்டைப் பத்திரிகைகளே அச்சிட்டு விற்றன. (எங்கள் ஜாதியையும் விட்டுவிடக் கூடாது அல்லவா?)

ஆனால், அந்த ‘குறைத்து ஜெயித்தால் போதும்’ சொன்னபடி நடக்கவில்லை. அடுத்த சீசனில் மிஸ்ஸோரி, அரிஸோனா, பாஸ்டன் காலேஜ் ஆகிய மூன்று மேட்ச்களில் காசு கைமாறியது. மூன்றிலுமே சிட்டி காலேஜ் தோற்றே போனது. ஆட்டத்தைப் பால்காரர் லிட்டர் அளக்கிற மாதிரி அளந்து ஊற்ற முடியாது. ஒருவன் கையை இழுத்துப் பிடித்தால், கூட ஆடுகிறவனுக்கும் தாளம் தப்பும்.

குட்டு உடைந்தது வேறொரு கல்லூரியில். மன்ஹாட்டன் காலேஜின் ஜூனியஸ் கெல்லாக், ஸ்காலர்ஷிப்பில் படித்த கறுப்பினப் பையன். 1951 ஜனவரியில் அவரிடம் ஆயிரம் டாலர் பேரம் பேசினார்கள். அவர் நேராகப் போய் கோச்சிடம் சொல்லிவிட்டார். அரசு வழக்கறிஞர் ஃப்ராங்க் ஹோகன் வலை விரித்தார். பிப்ரவரி 18. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மேட்ச்சை ஜெயித்துவிட்டு ரயிலில் திரும்பிய சிட்டி காலேஜ் டீமிலிருந்து ரோமன், வார்னர், ராத் மூவரும் பிடிபட்டார்கள்.

கல்லூரி அழுதது. பிடிபடாத ஃப்ளாய்ட் லேனை மாணவர்கள் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், ‘ஒருத்தனாவது சுத்தமா இருக்கானே’ என்று. பத்து நாள்கூட ஆகவில்லை, லேனும் கைதானார். அவர் போலீஸைத் தன் வீட்டு அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பூந்தொட்டி மண்ணுக்குள் 2,890 டாலர். வாங்கியது மூவாயிரம். செலவழித்தது வெறும் நூற்றுப்பத்து! தோளில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பையன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கோப்பை ஜெயித்தவர்களில் மொத்தம் ஏழு பேர் சிக்கினார்கள். விசாரணை முடிகிறபோது ஏழு கல்லூரிகள், முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள், 86 மேட்ச்கள். அந்த வெற்றி வருடத்தின் சில சீசன் மேட்ச்களும் வழக்கில் வந்தன. கோப்பைப் போட்டிகள் வரவில்லை. ‘என் பையன்களைச் சூதாடிகள் பத்தடிக் கம்பு வைத்தும் தொட முடியாது’ என்று மார்தட்டியவர் கென்டக்கி கோச் ரப். அந்த அக்டோபரிலேயே அவருடைய பையன்கள் சிலரும் கைதானார்கள்!

சொலாஸோவுக்கு எட்டிலிருந்து பதினாறு வருடம் சிறை. சரி. வீரர்களில் பலருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்த எட் வார்னருக்கு ஆறு மாதம். எல்லோருக்குமாகச் சேர்த்து என்.பி.ஏ. கதவு ஆயுளுக்கும் சாத்தப்பட்டது. நீதிபதி ஸ்ட்ரீட் கல்லூரிகளையும் கோச்களையும் வறுத்தெடுத்தார்தான். ஆனால், ‘வறுபட்டவர்கள்’ வேறு, உள்ளே போனவர்கள் வேறு. டிக்கெட் விற்றவர்களை ஒருவரும் கைவிலங்கோடு படம் எடுக்கவில்லை. பையன்கள் செய்தது சரி என்று நான் சொல்லவே மாட்டேன். கெல்லாக்கும் ஏழைதான். ஆனால், கணக்கை முழுசாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கெல்லாக் 1954-ல் கார் விபத்தில் அடிபட்டு நடக்க முடியாமல் போனார். பிறகு சக்கர நாற்காலி பாஸ்கெட்பால் டீமுக்கு கோச் ஆனார். ரோமன் மனவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, பள்ளிப் பிள்ளைகளோடு வேலை பார்த்தார். டாம்ப்ராட் பல் டாக்டர் ஆனார்.

அமெரிக்காவில் பாயின்ட் ஸ்ப்ரெட்டும் இப்போது கோட்டு சூட்டுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்களில் அது சட்டப்படியான வியாபாரம். செல்போனிலேயே கட்டலாம். 2025 முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்.

இரண்டு கோப்பைகளும் இன்றும் சிட்டி காலேஜ் பெயரில்தான் இருக்கின்றன. இப்போது ஒரு டீம் ஒரே வருடத்தில் இரண்டிலும் ஆட முடியாது. அதனால் அந்தச் சாதனையை உடைக்கவும் ஆள் இல்லை.

1974-ல் சிட்டி காலேஜுக்குப் புது கோச் வந்தார். பெயர் ஃப்ளாய்ட் லேன். பூந்தொட்டிக்காரரேதான். 1988 வரை அங்கேயே இருந்து பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்.