உண்ட்ரெடல்: ஆடுகள் காத்த ஊர்

(நார்வே பயணத் தொடர்)

மேற்கு நார்வேயின் ஃப்ளோம் என்ற ஊருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், அதே அவுர்லாண்ட் ஃப்யோர்டின் (மலைகளுக்கு நடுவே நீளும் கடல் நுழைவாயின்) கரையில் இருக்கிறது உண்ட்ரெடல். இங்கே மனிதர்களைவிட வெள்ளாடுகளே அதிகம். வருகிறவர்கள் முதலில் தேடிப்போவது மரத் தேவாலயத்தை. 1147இல் கட்டப்பட்டதாகக் கருதப்படும் அதில் சுமார் 40 பேர்தான் அமர முடியும். வழிபாடு இன்றும் நடக்கிறது. அதன் பழமையும் மலைகளின் எழிலும் மறுக்க முடியாதவை. ஆனால் இந்த ஊரை நிலைநிறுத்தியவை அவையல்ல, ஆடுகளும் அவற்றின் பாலில் செய்யும் சீஸும்தான் என்பது என் முடிவு.

செங்குத்தான மலைக்கும் ஆழமான நீருக்கும் நடுவே இங்கு உழுவதற்கு நிலம் சொற்பம். ஏர் ஏறாத சரிவிலும் ஆடு ஏறி மேயும். பால் விரைவில் கெட்டுவிடும். சீஸாக்கினால் நெடுநாள் தாங்கும், படகேற்றி விற்கவும் முடியும். பாலைத் திரித்து வெள்ளைச் சீஸ் எடுத்தபின் எஞ்சும் தெளிநீரையும் இவர்கள் கொட்டுவதில்லை. பல மணி நேரம் சுண்டக் காய்ச்சினால் அதிலுள்ள சர்க்கரை நிறம் மாறி, இனிப்பான பழுப்புச் சீஸாகிறது. பயணிகள் வியக்கும் பச்சைச் சரிவுகளும் மேய்ச்சலின் விளைவே. அது நின்றால் சில ஆண்டுகளில் புதர் மண்டிவிடும்.

ஊரைக் காத்தது அதன் தனிமைதான் என்று சிலர் வாதிடலாம். 1988இல் சாலை வரும்வரை படகு ஒன்றே வழி என்பது உண்மை. ஆனால் தனிமை காக்குமென்றால் கெய்ராங்கர் ஃப்யோர்டின் செங்குத்துச் சரிவிலிருந்த ஸ்காகெஃப்ளோ பண்ணையும் பிழைத்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கிருந்தவர்கள் வெளியேறிவிட்டனர். சாலை வந்ததால் உண்ட்ரெடல் அழியவுமில்லை. அதன் சீஸுக்குச் சந்தைதான் விரிந்தது. இன்று சோறு போடுவது சுற்றுலாதானே என்ற கேள்விக்கு வலு அதிகம். மேற்கு நார்வே ஃப்யோர்டுகள் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் இந்த வட்டாரத்தின் புகழ் இன்னும் பரவியது. பயணிகளின் பணம் இவ்வூருக்குத் தேவை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் சுற்றுலாக் கூட்டம் கோடையோடு கலைந்துவிடும். ஆட்டுக்கோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். அந்த ஆள் தங்கினால்தான் ஊர் தங்கும்.

ஆகவே ஃப்ளோம் வரை போகிறவர்களிடம் என் வேண்டுகோள்: உண்ட்ரெடலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அங்கே செய்த சீஸை அங்கேயே வாங்குங்கள். அந்த ஊருக்கு நாம் செய்யக்கூடிய நேரடியான உதவி அதுதான்.