எல்லியின் உண்டியல்

ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. 'பாரடைஸ் ஃபால்ஸ்' என்று எழுதி ஒட்டியிருக்கும். பலூன் விற்கும் கார்லும், உயிரியல் பூங்காவில் வேலை பார்க்கும் எல்லியும் மிஞ்சுகிற சில்லறையை அதில் போட்டு வைப்பார்கள். தென் அமெரிக்காவில் இருக்கும் அந்த அருவிக்குப் போய் வாழ வேண்டும் என்பது எல்லியின் சின்ன வயசு ஆசை. கார் டயர் வெடிக்கும், ஜாடி உடையும். கார்லின் கால் முறியும், ஜாடி உடையும். கூரைமேல் மரம் சாயும், மறுபடியும் உடையும். அப்புறம் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிடும்.

2009-ல் பிக்ஸார் எடுத்த 'அப்' படத்தின் ஆரம்பத்தில் வருகிற நாலு நிமிஷச் சங்கதி இது. வசனமே கிடையாது. மைக்கேல் ஜியாக்கினோவின் இசை மட்டும்தான். படத்தின் இசைக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. கேன் விழாவில் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்ட முதல் அனிமேஷன் படமும் இதுதான்.

வசனம் இல்லாததால்தான் அம்மாச்சிக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டத் தோன்றியது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஜாடி உடைந்தபோது, "நம்ம வீட்டு உண்டியலும் இப்படித்தான் போகும்" என்றார். எல்லி இறந்ததும், "பாவம், ஆசைப்பட்ட இடத்துக்குப் போகவே இல்லை" என்றேன். "அவ எங்க அழுதா? நீதான் அழுவுற" என்றார்.

தாத்தா போனபிறகு அம்மாச்சி ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக்கு வரச் சொல்லி மாமா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ராத்திரி கீழே விழுந்தால் யார் தூக்குவார்கள்?

78 வயது கார்லின் வீட்டைச் சுற்றியும் கட்டட வேலை நடக்கும். முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்லி கோர்ட் உத்தரவு வரும். அவரோ ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வீட்டோடு பறந்துவிடுவார். அதன்பிறகு வருகிற பேசும் நாய்களின் கலாட்டா எனக்குக் கொஞ்சம் நீளம். நான் காத்திருப்பது எல்லியின் சாகசப் புத்தகத்தை அவர் திறக்கும் இடத்துக்காக. காலியாக இருக்கும் என்று அவர் நினைத்த பக்கங்களில், இருவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்களின் போட்டோக்களை எல்லி ஒட்டி வைத்திருப்பாள். அதற்கப்புறம், கூட வந்த சிறுவன் ரஸ்ஸலைக் காப்பாற்ற வீடு மேலே எழும்ப வேண்டும். பாரம் குறைக்க, நாற்காலி முதல் அத்தனையையும் கார்ல் வெளியே தள்ளுவார்.

"நல்ல சேரு" என்று அம்மாச்சி வருத்தப்பட்டார்.

சமயம் பார்த்து, "அவரே விட்டுட்டார். நீயும் மாமாகிட்டப் போகலாம்ல?" என்று கேட்டேன்.

"கோர்ட்டு சொன்னப்ப அவர் விட்டாரா?"

என்னிடம் பதில் இல்லை. அதே வீடுதான். அடுத்தவர்கள் காலி செய்யச் சொன்னபோது பலூன் கட்டியவர், தனக்கே ஒரு காரணம் கிடைத்ததும் விட்டுவிட்டார். மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் வீடு மேகத்துக்குள் நழுவிப் போய்விடும். எல்லி ஆசைப்பட்ட அருவியின் பக்கத்திலேயே அது போய் உட்கார்ந்திருப்பதை நமக்குக் காட்டுவார்கள், கார்ல் பார்க்கவில்லை. வெனிசுலாவில் 979 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஏஞ்சல் அருவியை மனதில் வைத்து வரைந்தது அது. அம்மாச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

"தண்ணிக்குப் பஞ்சமில்லாத இடம்" என்றார்.