மடல்கள் தங்கும் இடம்

கடிதம் எழுதுவதைப் பற்றிப் பேசுவோர் பலர். வந்த கடிதத்தை எடுத்து வைப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மின்னஞ்சல் வரலாற்றிலும் இதே கதைதான். 1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து அருகிலிருந்த மற்றொன்றுக்கு மடல் அனுப்பினார் என்று படிக்கிறோம். போன மடல் எங்கே தங்கியது?

ஒரே கோப்பில்! ஒருவருக்கு வருவதெல்லாம் அவர் பெயரிலுள்ள கோப்பின் அடியில் ஒட்டிக்கொண்டே போகும். வீட்டுத் தாழ்வாரத்தில் வளைந்த கம்பியில் கடிதங்களைக் குத்தி வைப்பார்களே, ஏறக்குறைய அதே முறை. பின்னர் யூனிக்ஸ் கணிப்பொறிகளில் ஒவ்வொரு மடலின் தலையிலும் 'ஃப்ரம்' என்ற சொல் நின்றது. அதைக் கண்டே இயந்திரம் அடுத்த மடலைப் பிரித்தறியும். மடலுக்குள் யாரேனும் ஒரு வரியை அச்சொல்லால் தொடங்கிவிட்டால்? இயந்திரம் ஏமாறாமலிருக்க, அதன் முன் ஓர் அம்புமுனைக் குறியைச் செருகினார்கள். எழுதியவர் அறியாமல் அவர் கடிதத்தில் கைவைப்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

1989இல் வந்த லோட்டஸ் நோட்ஸ், 1996இல் வந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகியவை மடல்களைத் தரவுத்தளத்தில் வைத்தன. அனுப்பியவர், நாள், பொருள் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில், எதைக்கொண்டும் வரிசைப்படுத்தலாம். ஒரே தளத்தைச் சேர்ந்த நூறு பேருக்கு ஒரு சுற்றறிக்கை போனாலும் எக்ஸ்சேஞ்ச் அந்நாளில் ஒரு படியைத்தான் வைத்தது. 2004 ஏப்ரல் 1இல் வந்த ஜிமெயிலோ மடலுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டியது. ஒரு மடல் 'குடும்பம்', 'நிலம்' இரண்டிலும் இருக்கலாம். தேடுவதற்கு, நூலின் கடைசிப் பக்கங்களில் காணும் சொல்லடைவு போன்ற ஏற்பாடு.

மஸ்கட்டில் வேலை பார்த்த சித்தப்பா காலமான பின்னரே இதன் அருமை எங்களுக்குத் தெரிந்தது. ஊர் நிலத்தின் கிழக்குப் பாகம் சித்திக்கே என்று அவர் எழுதியிருந்ததாக அப்பா சொன்னார், பங்காளிகள் நம்பவில்லை. அப்பாவின் ஜிமெயிலில் 'கிழக்கு' என்று தேடினேன். இல்லை. சித்தப்பா தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர். ழகரத்துக்கு ஒருநாள் இசட்-எச் போடுவார், ஒருநாள் எல். சொல்லடைவுக்கு அவை வேறு வேறு சொற்கள். எல் போட்டுத் தேடியபோது 2009ஆம் ஆண்டு மடல் வந்து நின்றது. பங்காளிகள் படித்தார்கள். சித்தி படிக்கவில்லை, திரையில் அவர் பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

2011 பிப்ரவரியில் சிலருடைய ஜிமெயில் பெட்டிகள் வெறுமையாகி, காந்த நாடாவிலிருந்து கூகுள் அவற்றை மீட்க நேர்ந்தது. அதை அறிந்ததும், சித்தப்பாவின் மடல்களுக்கு வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று கூகுளிலிருந்தே இறக்கிக்கொண்டேன். எல்லாம் ஒரே நீளக் கோப்பாக வந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் 'ஃப்ரம்'.