சின்ன காலேஜா, பெரிய கேம்பஸா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே சொந்தக்காரங்க எல்லாரும் கல்வி ஆலோசகர் ஆயிடுவாங்க. "பெரிய யுனிவர்சிட்டின்னாதான் பேரு" என்பார் மாமா. "சின்ன காலேஜ்னா பொண்ணு ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடும்" என்பார் அத்தை. படிக்கப் போற நம்மகிட்ட மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க!

நானும் என் தோழியும் உசிலம்பட்டியில் ஒரே தெரு, ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்ச். ரெண்டு பேருக்குமே ரெண்டு இடத்தில் சீட் கிடைச்சுது. ஒண்ணு, மதுரையில் ஒரு சின்ன ஆர்ட்ஸ் காலேஜ். இன்னொண்ணு, தூரத்தில் ஹாஸ்டலோட ஒரு பெரிய யுனிவர்சிட்டி, அஞ்சு வருஷ கோர்ஸ். 'கூச்ச சுபாவம்னா சின்ன காலேஜ், வாயாடின்னா பெரிய கேம்பஸ்'னு ஊரே சொல்லும். நான் வாயாடி, அவ வாயே திறக்க மாட்டா. ஆனா நான் சின்னதை எடுத்தேன், அவ பெரிசை எடுத்தா.

படிக்காமலே எதைப் பத்தியும் பத்து நிமிஷம் பேசுற ஆள் நான். வகுப்பில் 32 பேர்தான். ஒளிய இடமே இல்லை! முதல் அசைன்மென்ட்டை மேடம் மூணு தடவை திருப்பிக் கொடுத்தாங்க. "பேச்சு நல்லா இருக்கும்மா, விஷயம் எங்க?" நாலாவது தடவை லைப்ரரிக்குப் போய் நிஜமாவே படிச்சேன்.

அவளை எங்க ஊரில் எல்லாரும் 'டீக்கடைக்காரர் பொண்ணு'ன்னுதான் சொல்வாங்க. எப்படிச் சிரிக்கணும், யார்கிட்ட பேசணும்னு தெருவே முடிவு பண்ணும். அங்கே போனதும் அந்தப் பேர் காணாமப் போச்சு. முதல் மாசம் ராத்திரி ராத்திரி போன்ல அழுதா. சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்லை. ரெண்டாவது செமஸ்டர்ல என்.எஸ்.எஸ். கேம்ப்ல மைக் பிடிச்சுப் பேசியிருக்கா! "இங்க என்னை யாருக்கும் தெரியாதுடி. அதனாலதான் பேச்சே வந்துச்சு"ன்னா.

ரெண்டுக்கும் விலை உண்டு ஃப்ரெண்ட்ஸ். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தப்போ நாலு நாள் நான் போகலை. டிபார்ட்மென்ட்ல இருந்தே போன் வந்துச்சு. அவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ பக்கத்து ரூமுக்கே ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஆனா, நான் ஒரு மேட்னி போனா எனக்கு முன்னாடி நியூஸ் வீட்டுக்குப் போயிடும். அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை!

இந்த ரெண்டு வகையும் நம்ம மண்ணுக்குப் பழசுதான். மதுரை அமெரிக்கன் கல்லூரி, அமெரிக்க மிஷனரிகள் 1881-ல் ஆரம்பிச்சது. சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை, விவசாயம், இன்ஜினீயரிங் எல்லாத்துக்கும் இடம் உண்டு.

டிகிரி மதிப்பைப் பத்தியும் ஒரு குழப்பம் உண்டு. தன்னாட்சிக் கல்லூரின்னா சிலபஸும் கேள்வித்தாளும் காலேஜே தயாரிக்கும்; பட்டம் தர்றது பல்கலைக்கழகம்தான். சாதாரண இணைப்புக் கல்லூரின்னா ரெண்டுமே பல்கலைக்கழகத்தோடது. அதனால 'சின்ன காலேஜ் டிகிரி செல்லாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பணம்? ஃபீஸை மட்டும் பார்க்காதீங்க. ஹாஸ்டல், மெஸ், பஸ் காசையும் சேர்த்துக் கூட்டுங்க. எய்டட் சீட்டா, செல்ஃப் ஃபைனான்ஸான்னு கண்டிப்பா கேளுங்க. அரசுப் பள்ளியில் ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரை படிச்ச பெண்களுக்கு 2022-ல் தொடங்கின புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் வருது. என் பஸ் காசும் புத்தகமும் அதில்தான்.

போய்ப் பார்க்கும்போது ஆபீஸோட நிக்காதீங்க. வாசல் டீக்கடையில் சீனியர்களைப் பிடிங்க. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கெஸ்ட் லெக்சரர் எத்தனை பேர்? லைப்ரரி எத்தனை மணி வரைக்கும்? வேற டிபார்ட்மென்ட் பேப்பர் எடுக்கலாமா? நோட்டீஸில் இல்லாததெல்லாம் அங்கே கிடைக்கும்.

கடைசியா உங்களையே ஒண்ணு கேட்டுக்கங்க: இப்ப எனக்கு வேண்டியது என்னைக் கவனிக்கிற இடமா, என்னைத் தெரியாத இடமா? பதில் தெரிஞ்சா பாதி அட்மிஷன் முடிஞ்சுது. மீதிக்கு டி.சி.யும் மார்க் ஷீட்டும் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க!