புகை வீடும் இரும்புலையும்

சிடாம் கிரி என்னும் பெயரைக் கேட்கும் தமிழ் மாணவன் அங்கே ஒரு மலை உண்டென்றே எண்ணுவான். தமிழில் கிரி என்பது மலையன்றோ! மலாய் மொழியிலோ அது இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லாகும். வலப்பக்கத்துச் சிடாம், அதாவது சிடாம் கானான், கூலிம் மாவட்டத்தைச் சார்ந்தது. இடப்பக்கத்தது கோலமூடா மாவட்டத்தைச் சார்ந்தது. மலையைக் காண விழைவோர் வடபால் நோக்கின், வானம் தெளிந்த நாளில் குனோங் ஜெராயின் நீலத் தோற்றம் தென்படும்.

அந்த வட்டாரத்தின் அடையாளம் யாதெனக் கேட்டால், பெரும்பாலோர் சுங்கைப் பட்டாணியின் மணிக்கூண்டையே சுட்டுவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக லிம் லியான் தெங் என்னும் செல்வர் 1936இல் அளித்த கொடை அது. கொடுத்தவர் பெயரும் ஆண்டும் நிலைத்துவிட்டன.

தோட்டத்துத் தமிழர்க்கு அடையாளங்கள் வேறு. பெரட்டுக் களம், லயம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக ஸ்டோர். 1877இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளின் வழித்தோன்றல்களே பின்னர்க் கெடாவின் காடுகளை விழுங்கின. விடியுமுன் மரம் சீவியோர், மங்கில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாவில் தோளேற்றி ஸ்டோருக்குக் கொணர்ந்தனர். கிராணி நிறுத்துக் கணக்கெழுதினார். வடிகட்டி நீர் கலந்த பால் பார்மிக் அமிலத்தால் உறைந்தது. உருளைகளிடையே நசுங்கித் தகடாயிற்று. புகை வீட்டில் சில நாள் தொங்கித் தேன்நிறம் கொண்டது. விறகிட்டு நெருப்பைக் காத்தவன் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். தகட்டின் தரம் அவன் விழிப்பில் இருந்தது.

1965இல் கட்டி ரப்பருக்கான தர முறை வந்தது. பால் பெரிய ஆலைகளை நாடிற்று. தோட்டந்தோறும் புகை வீடுகள் அணைந்தன. பின்னர்ச் செம்பனையும் வீடமைப்பும் புகுந்தன.

சிடாம் கிரிக்கு வடமேற்கே பூஜாங் பள்ளத்தாக்கில் அதனினும் பழைய தொழிற்கூடம் ஒன்று மண்ணுள் கிடந்தது. சுங்கை பத்து என்னுமிடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், காற்றூதிய களிமண் குழாய்களும், படகுத்துறைகளும் வெளிப்பட்டன. இராசேந்திர சோழன் 1025இல் படை செலுத்திய கடாரத்தின் செல்வம் வாணிகத்தால் மட்டும் வந்ததன்று. உலைமுன் வெந்த கைகளாலும் வந்தது. அக்கைகளுக்குரியோர் பெயர் எவர்க்கும் தெரியாது.

2013இல் அப்பள்ளத்தாக்கின் பதினோராம் சண்டி, வீடமைப்புக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது, எழுந்தது முறையே. ஆனால், புகை வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தபோது குரலெழுப்பியவர் மிகச் சிலர். செங்கல்லுக்கு மதிப்பு வர ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டும் போலும்! இத்தனைக்கும் புகை வீட்டில் விறகிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் உயிருடன் உள்ளனர். பாட்டனாரின் பெயரும், அவர் சீவிய நிரையும், காண்டா அழுத்திய தோளின் காய்ப்பும் அவர்களுக்கு நினைவிருக்கின்றன.

கெடாவின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்னும் 'லாடாங்', அஃதாவது தோட்டம், என்னும் சொல் நிற்கிறது. சில பள்ளிகளைச் சுற்றி ஒரு ரப்பர் மரமும் இல்லை. மங்கு என்றால் என்ன என்று அங்குள்ள பிள்ளைகள் ஆசிரியரைக் கேட்கின்றனர்.